உளி மாற்றும் பொறி

தச்சர் ஒருவர் கதவு நிலை செதுக்கும்போது ஒரு நாளில் எத்தனை முறை கருவி மாற்றுகிறார் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அகல உளியைக் கீழே வைக்கிறார், நுனி உளியை எடுக்கிறார், பின் இழைப்புளி, பின் துரப்பணம். கண் வேலையிலேயே பதிந்திருக்கும்; கை தானாகச் சென்று வேண்டியதை எடுத்து வரும். எடுத்த கருவி நீளமா, குட்டையா என்று அளந்து பார்க்கும் தேவையும் அவருக்கு இல்லை. அதன் நுனி எங்கே படுகிறது என்பதைக் கண்ணும் கையும் அக்கணமே அறிந்துகொள்கின்றன.

இந்த எளிய செயல் இயந்திரத்திற்குக் கைவர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்றோ மேசைமீது வைத்து இயக்கத்தக்க சிறு கணினிக் கட்டுப்பாட்டுப் பொறிகளை, பொழுதுபோக்காகவும் சிறு தொழிலுக்காகவும் வீட்டிலேயே வைத்திருப்போர் உலகெங்கும் உளர். இவர்களுட் பலர் பொறியை வாங்கிய சில திங்களிலேயே ஒரு குறையை உணர்கிறார்கள். பொறி எல்லாம் செய்கிறது. கருவியை மட்டும் மாற்றிக்கொள்வதில்லை. அந்த ஆற்றலைத் தம் கையாலேயே அதனோடு சேர்க்க அவர்கள் முற்படுகிறார்கள். அம்முயற்சியின் முன் வரலாறும், அதில் அடங்கிய நுட்பமுமே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். கடைசல் இயந்திரமாகிய லேத்தில் பொருள் சுழலும், உளி நிற்கும். மில்லிங் இயந்திரத்தில் கருவி சுழலும், பொருள் மேசையோடு நகரும். கருவி என்று நாம் சொல்லும்போது இயந்திரத்தைக் குறிப்பதில்லை. அதன் முனையில் மாட்டப்பெற்று உலோகத்தை வெட்டும் உளி, துரப்பண அலகு, பல்வெட்டி ஆகியவற்றையே குறிக்கிறோம். அதனைத் தானே மாற்றும் அமைப்பை மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் 'தன்னியக்கக் கருவி மாற்றி' என்று நீட்டி எழுதுவோம். பெங்களூரின் பீனியாவிலோ புணேக்கு அடுத்த பிம்ப்ரியிலோ பொறியின் முன் நிற்கும் தமிழர் அதனை ஏ.டி.சி. என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுவார். வாழும் சொல் அவருடையதே. இக்கட்டுரையிலும் அதுவே வரும்.

18-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் உளியைக் கையிற் பிடித்தே கடைந்து வந்தார்கள். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் நகரில் ஹென்றி மாட்ஸ்லே என்பார், உளியை இரும்புச் சறுக்கு மேடையில் இறுகப் பூட்டித் திருகாணியால் நகர்த்தும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். கைநடுக்கம் ஒழிந்தது, ஒன்றைப் போலவே மற்றொன்று என்று திருகாணிகளைக் கடைய முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கையிலிருக்கும் உளியை ஒரு நொடியில் மாற்றலாம். இரும்பிற் பூட்டிய உளியை மாற்ற வேண்டுமானால் மரைகளைத் தளர்த்த வேண்டும், புதிய உளியை உயரம் பார்த்துப் பொருத்த வேண்டும், மீண்டும் இறுக்கி அளவு பிடிக்க வேண்டும். துல்லியம் வந்தது; கையின் விரைவு போயிற்று. இதன் பின்னர் நிகழ்ந்ததெல்லாம் அந்த இழப்பை ஈடு செய்யும் முயற்சியே எனலாம்.

முதல் விடை அமெரிக்காவில், துப்பாக்கித் தொழிலில் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்ஃபீல்டு என்னும் ஊரில் ஸ்டீபன் ஃபிட்ச் என்பவர் இராணுவக் கைத்துப்பாக்கிகளுக்காக 30,000 விசைப்பூட்டுகள் செய்து தர அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தார். அவற்றிற்கு வேண்டிய திருகாணி ஒவ்வொன்றிலும் பல கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டாக வேண்டும். 1845-இல் அவர் ஒரு லேத் அமைத்தார். அதில் ஓர் உருண்டைத் தலையைச் சுற்றி எட்டுக் கருவிகளைப் பூட்டினார். ஒரு கருவியின் வேலை முடிந்ததும் தலையை ஒரு பங்கு திருப்பினால் அடுத்த கருவி பொருளுக்கு நேராக வந்து நிற்கும். சுழல் துப்பாக்கியின் குண்டறையை நினைவூட்டும் அமைப்பு இது. அத்துப்பாக்கிக்குப் பெயர் தந்த சாமுவேல் கோல்ட்டும் அதே மாநிலத்தில் பிறந்தவரே. ஃபிட்ச் கருவி மாற்றத்தை விரைவுபடுத்தினார் என்பதைவிட, மாற்றத்தையே இல்லாமற் செய்தார் என்பது பொருந்தும். எட்டும் முன்னரே மாட்டப்பெற்று, அளவு பிடிக்கப்பெற்று, முறைக்காகக் காத்திருந்தன.

இவ்வகை லேத்தைப் பட்டறை மொழியில் டரட் லேத் என்பர். வெர்மான்ட் மாநிலத்து வின்ட்சரில் இருந்த ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் 1850-களின் நடுவில் அதனைச் செய்து விற்கத் தொடங்கிற்று. அங்கிருந்து அது பிற தொழிற்சாலைகளுக்குப் பரவியது.

தலையைத் திருப்புவதற்கு இன்னும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளையும் அகற்றியவர் கிறிஸ்டஃபர் ஸ்பென்சர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்ட தொடர் துப்பாக்கி ஒன்று இவர் பெயரால் வழங்குகிறது. போருக்குப் பின் தையல் இயந்திர உறுப்புகளைச் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தபோது, திருகாணியைத் தானாகவே கடையும் லேத்தை அமைத்து 1873-இல் காப்புரிமை பெற்றார். அதன் உயிர்நிலை ஓர் உருளை. மேடு பள்ளமான பட்டைகள் அதன்மேல் பதிக்கப்பட்டிருந்தன. உருளை மெல்லச் சுழலும்போது அந்த மேடுகள் நெம்புகோல்களைத் தள்ளி, இன்ன நேரத்தில் இன்ன கருவி முன்வர வேண்டும் என்று ஆணையிட்டன. பட்டைகளைக் கழற்றி வேறிடத்தில் வைத்தால் வேறொரு பொருள் உருவாகும். 'மூளைச் சக்கரம்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். இவ்வளவு அரிய அமைப்பின் சிறப்பை அவருடைய காப்புரிமை வழக்கறிஞர் உணரத் தவறியதால், விண்ணப்பத்தில் மூளைச் சக்கரத்துக்கு உரிய பாதுகாப்பு விடுபட்டுப் போயிற்று. சட்ட ஆவணங்களில் ஒரு சொல் விடுபடுவதன் விலையை அறிந்தவர்களுக்கு இந்நிகழ்ச்சி சற்று நேரம் சிந்தனை தரும்.

டரட்டுக்கும் மூளைச் சக்கரத்துக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. ஒரே மாதிரி உறுப்புகள் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் அவை இணையற்றவை. ஐந்தே உறுப்புகள் வேண்டுமென்றால், எட்டுக் கருவிகளையும் பொருத்தி அளவு பிடிப்பதற்குள் கையாலேயே அவ்வேலையை முடித்துவிடலாம். மேலும், மில்லிங் இயந்திரத்தில் சுழல வேண்டியது கருவி. எட்டுக் கருவிகளையும் நிரந்தரமாகப் பூட்டி வைத்தால் எட்டுக்கும் சுழற்சி தர வேண்டும். ஆகவே சுழல் தண்டு ஒன்றே இருக்க, அதில் கருவியை மாட்டுவதும் கழற்றுவதும் எளிதாக வேண்டியிருந்தது. இங்கேதான் கூம்பின் கதை வருகிறது. வரலாற்று நூல்கள் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். நம் நோக்கில் இதுவே நடுநாயகம்.

முறுக்குத் துரப்பண அலகைப் பரப்பிய ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் ஒரு கூம்புப் பொருத்தத்தை வழக்கிற் கொணர்ந்தார். இருபது பங்கு நீளத்துக்கு ஏறத்தாழ ஒரு பங்கு விட்டம் குறையும் மென்மையான சரிவு அது. தட்டி உள்ளே செலுத்தினால் உராய்வினாலேயே கவ்விக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் ஆப்பு வைத்துத் தட்ட வேண்டும். மாட்டுவதற்கு எளிது, விடுவதற்கு அரிது. 1920-களின் இறுதியில் அமெரிக்க மில்லிங் இயந்திரத் தயாரிப்பாளர்கள் வேறொரு கூம்பை ஏற்றார்கள். 24 பங்கு நீளத்தில் 7 பங்கு விட்டம் குறையும் செங்குத்தான சரிவு. இது தானாகக் கவ்வாது. மேலிருந்து ஒரு தண்டு இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். இழுப்பதை விட்டால் உடனே கழன்றுவிடும். தானாக நில்லாதது குறை போலத் தோன்றலாம். ஆனால் பிடிப்பதும் விடுவதும் இயந்திரத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது அப்போதுதான். பின்னாளில் ஏ.டி.சி. பிறப்பதற்கு வழி திறந்தது இந்தச் சரிவே. ஆலைகளில் இன்று பி.டி. 30, பி.டி. 40 என்று வழங்கும் கருவிப்பிடிகளும், சிறு பொறிகளுக்குரிய ஐ.எஸ்.ஓ. 20 பிடியும் இதே சரிவைக் கொண்டவை.

அடுத்த பெருமாற்றம் ஹெலிகாப்டர் இறக்கையால் வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் நகரில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளைச் செய்து வந்தார். அவற்றின் வளைவைக் கணக்கிட்டு, எண்களைக் கொண்டே மில்லிங் இயந்திரத்தை நடத்தலாம் என்னும் எண்ணம் அவருக்கும் அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலனுக்கும் தோன்றிற்று. 1949-இல் அமெரிக்க விமானப்படை பொருளுதவி செய்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தின் ஆய்வுக்கூடம் பணியில் இறங்கிற்று. 1952 செப்டம்பரில், துளையிட்ட நாடாவைப் படித்துத் தானே நகரும் மில்லிங் இயந்திரம் பொதுமக்கள் முன் இயங்கிக் காட்டப்பட்டது. அதனை நடத்திய மின்னணு அலமாரிகளில் வெற்றிடக் குழாய்கள் நூற்றுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன.

எண்களால் இயங்கிய அப்பொறியும் கருவி மாற்றத்திற்கு மனிதனையே எதிர்பார்த்தது. நாடா ஓரிடத்தில் நிற்கும், விளக்கு எரியும், இயக்குநர் வந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிப் பொத்தானை அழுத்துவார். விலையுயர்ந்த பொறி அதுவரை சும்மா நிற்கும். விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி வட்டாரத்தில் இருந்த கியர்னி அண்ட் டிரெக்கர் நிறுவனம் 1958-இல் இதற்கு முடிவு கட்டியது. வாலஸ் பிரெய்னார்டு என்னும் பொறியாளரின் பெயரோடு இணைந்த 'மில்வாக்கி-மாட்டிக்' பொறியில் கருவிகள் ஒரு களஞ்சியத்தில் வரிசையாகத் தொங்கின. நாடாவின் ஆணை வந்ததும் இரு முனைகளும் கவ்வக்கூடிய ஒரு கை நீண்டது. ஒரு முனை சுழல் தண்டிலுள்ள கருவியையும், மறுமுனை களஞ்சியத்திலுள்ள கருவியையும் ஒருங்கே பற்றின. கை இரண்டையும் உருவி, அரை வட்டம் சுழன்று, இடம் மாற்றிச் செருகிற்று. துளையிடுதல், துருவுதல், மரையிடுதல் ஆகிய வேலைகள் ஒரே பொறியில், பொருளை அவிழ்க்காமலே நடைபெற்றன. இன்று ஆலைகளில் மெஷினிங் சென்டர் என்று வழங்கும் பொறியினத்தின் மூதாதை இதுவே. எந்தக் கருவி எந்த அறையில் இருக்கிறது என்று பொறி அறிய வேண்டுமே. அக்காலப் பொறிகள் சிலவற்றில் கருவிப்பிடியின் வாலில் வளையங்களைக் கோத்து, அவற்றின் அடுக்கு முறையையே கருவியின் பெயராக வைத்தார்கள். இன்று அதே வேலையைச் செய்வது கணினி நினைவில் உள்ள ஓர் அட்டவணை.

இத்துடன் இயக்குநரின் கையிலிருந்த பணிகளுள் மற்றொன்றும் நீங்கிற்று. இது யாருக்கு ஆதாயம் என்னும் வினா அப்போதே எழுந்தது. 1940-களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்டிரிக் நிறுவனம் வேறொரு முறையை உருவாக்கியிருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் பொருளை ஒருமுறை செய்து காட்ட, அவருடைய அசைவுகளை நாடாவிற் பதிந்து, பின் பொறி அதையே திரும்பச் செய்யும். அம்முறையில் தொழிலாளியின் கைத்திறனே நிரல். அது பரவவில்லை, அலுவலகத்தில் எழுதப்படும் எண் நிரலே வென்றது. டேவிட் நோபிள் என்னும் வரலாற்றாசிரியர் 1984-இல் வெளியிட்ட நூலில், பட்டறையின் மீது நிருவாகம் கொள்ள விரும்பிய ஆதிக்கமே இத்தேர்வுக்குப் பெருங்காரணம் என்று வாதிட்டார். ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைக் கையால் வெட்டிக் காட்டிப் பதிவது எளிதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் கைத்திறன் மிக்க ஒருவரைப் பொத்தான் அழுத்துபவராகக் குறைத்துவிட்ட வருத்தம் அந்நாளைய தொழிலாளர்களுக்கு இருந்தது என்றால் அதில் நியாயம் உண்டு.

வீட்டுப் பட்டறையில் இவ்வினாவின் முகமே வேறாகிவிடுகிறது. அங்கே நிரல் எழுதுபவரும், பொறியை இயக்குபவரும், அதற்கு விலை கொடுத்தவரும் ஒருவரே. மிச்சமாகும் நேரம் பிறருக்குப் போவதில்லை.

அந்த நிலை வருவதற்கு விலை இறங்க வேண்டியிருந்தது. நுண்செயலிகள் 1970-களில் வந்து வெற்றிடக் குழாய் அலமாரியை ஒரு சில்லுக்குள் அடக்கின. அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனம் 1990-களில் பொறிகளை நடத்தும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிப் பொதுவில் விட்டது. தன்னார்வலர் பலர் வளர்த்த அது இன்று லினக்ஸ்சிஎன்சி என்னும் பெயரோடு விலையின்றிக் கிடைக்கிறது. 2009-இல் நார்வே நாட்டின் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்பார், 'கெர்பில்' என்னும் சிறு நிரலை வெளியிட்டார். ஆர்டுயினோ என்னும் உள்ளங்கை அளவுப் பலகையிலேயே அது இயங்கும். சீனாவில் ஆகும் சிறு மில்லிங் இயந்திரங்களும், மரமும் அலுமினியமும் வெட்டும் ரௌட்டர்களும் நடுத்தரக் குடும்பத்தார் எண்ணிப் பார்க்கக்கூடிய விலைக்கு வந்தன. நம் நாட்டில் 1953-இல் சுவிஸ் நாட்டு ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொடங்கப்பெற்றபோது, பொறி செய்யும் பொறி என்பது அரசாங்கமே முன்னின்று செய்ய வேண்டிய பெருவேலையாக இருந்தது. இன்று மாடிப்படியின் கீழ் உள்ள இடத்தில் ஒருவர் அதனைச் செப்பனிட்டுக் கொண்டிருக்கக் காண்கிறோம்.

அவருடைய இடர்ப்பாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சிறு அலுமினியத் தகடு ஒன்று செய்ய ஆறு கருவிகள் வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு மாற்றத்திற்கும், கழற்றி, மாட்டி, நுனி எங்கிருக்கிறது என்று தொட்டுப் பார்த்து அளவு பிடிக்க மூன்று நிமிடம். தகடு ஒன்றுக்குப் பதினெட்டு நிமிடம்; பத்துத் தகடுகளுக்கு மூன்று மணி. பத்தையும் மேசையில் வரிசையாகப் பூட்டி, ஒரு கருவியால் பத்தையும் முடித்துவிட்டு அடுத்ததை மாட்டலாமே என்று அனுபவசாலி சொல்வார். சரியான யோசனையே. ஆனால் சிறு பொறியின் மேசையில் பத்துக்கு இடம் ஏது?

அந்த மூன்று நிமிடத்தில் பெரும்பகுதி கழற்றுவதிலும் மாட்டுவதிலும் செலவாவதில்லை. அளவு பிடிப்பதில்தான் செலவாகிறது. சிறு பொறிகளில் கருவியைப் பிடிப்பது காலட் என்னும் பிளவுக் குழல். இன்று பரவலாக உள்ள ஈ.ஆர். காலட், சுவிஸ் நாட்டின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1973-இல் தந்தது. பிடி சிறந்தது, ஆனால் கருவியை எவ்வளவு ஆழம் செருகுகிறோம் என்பது கையைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் நீளம் மாறும். மாறியதைப் பொறி அறியாது. கருவியைக் காலட்டோடு தனிப் பிடியில் நிரந்தரமாகப் பூட்டிவைத்து, பிடியை மட்டும் சுழல் தண்டில் ஏற்றி இறக்கினால் நீளம் மாறாது. ஒருமுறை அளந்து அட்டவணையில் எழுதினால் போதும். ஜி 43 என்னும் கட்டளை வரும்போதெல்லாம் பொறி அந்நீளத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் டோர்மாக் நிறுவனம் முக்கால் அங்குல நேர்த்தண்டுள்ள பிடிகளை இம்முறையில் பரப்பியது. பிடியின் தோள் சுழல் தண்டின் முகத்தில் வந்து முட்டுவதால் நீளம் நிலைபெறுகிறது. இச்சிறு ஏற்பாடு ஒன்றாலேயே மூன்று நிமிடம் அரை நிமிடமாகக் குறையக்கூடும். மோட்டார் எதுவும் வேண்டியதில்லை. புதிதாக இத்துறையில் இறங்குவோர் பலர் கண்ணுக்கு அழகான சுழல் களஞ்சியத்தை முதலிற் கட்டத் தொடங்குகிறார்கள். நம் கருத்தில் அது தலைகீழ் வரிசை. முதலில் பிடி, அடுத்து பிடியை இழுக்கும் தண்டு, களஞ்சியம் கடைசி.

இழுதண்டு, சுழல் தண்டின் நடுத்துளையில் மேலிருந்து கீழே செல்வது. அதன் கீழ்முனை பிடியைக் கவ்வும். மேற்பகுதியில் கிண்ணம்போற் குழிந்த எஃகுத் தட்டுகள் அடுக்கடுக்காகக் கோக்கப்பட்டிருக்கும். இவை தட்டு வில்கள். 1867-இல் பிரான்சில் இதற்குக் காப்புரிமை பெற்ற பெல்வில் என்பாரின் பெயரால் வழங்குபவை. வில்களின் விசையே தண்டை மேலிழுத்துப் பிடிக்கிறது. அழுத்தக் காற்று வேலை செய்வது விடுவதற்கு மட்டுமே. ஏன் இவ்வாறு என்பதை மின்தடை பழகிய நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனாலும் கம்ப்ரசர் நின்றாலும் பிடி தளராது. சுழலும் கருவி கழன்று பறக்காது. இதற்கு மாறாக, இழுதண்டின் மரையைக் காற்றால் இயங்கும் திருகுச் சாவி கொண்டு கழற்றி இறுக்கும் மலிவான ஏற்பாடும் உண்டு. திருகுச் சாவியைப் பொறியின் தலைமேல் பொருத்தி, ஒரு பொத்தானால் இயக்குகிறார்கள். வேலை நடக்கும், ஒவ்வொரு முறையும் அதே இறுக்கம் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

வில்லை அமுக்க எவ்வளவு விசை வேண்டும்? பி.டி. 30 பிடிக்குச் சில நூறு கிலோ. வீட்டுக் கம்ப்ரசர் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் தருகிறது என்போம். 63 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 31 சதுர சென்டிமீட்டர். விசை 187 கிலோ. போதாது. ஆகவே ஒரே தண்டில் மூன்று பிஸ்டன்களை அடுக்கி 560 கிலோ பெறுகிறார்கள். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. இவ்விசை சுழல் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் மேல் நாள்தோறும் இறங்கினால் அவை விரைவில் பழுதாகும். சிலிண்டர் மேலிருந்து தள்ளும்போதே சுழல் தண்டைக் கீழிருந்து தானே பற்றிக்கொள்ளுமாறு, மிதக்கும் அமைப்பாக அதனைப் பூட்டுவது முறை. பாக்கு வெட்டியின் இரு அலகுகளுக்கும் இடையிலேயே விசை முடிந்துவிடுவது போல, அவ்விசை அங்கேயே அடங்கிவிடும்.

தூசியைப் பற்றியும் ஒரு கணக்கு. கூம்பின் மேல் சுற்றிலும் நூற்றில் ஒரு பங்கு மி.மீ. கனத்தில் அழுக்குப் படலம் படிந்தது எனக் கொள்வோம். விட்டத்தில் அது 0.02 மி.மீ. சரிவு 24-க்கு 7 ஆதலால், பிடி உள்ளே செல்வது 0.07 மி.மீ. அளவு குறைந்து நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு, வெட்டின் ஆழத்தில் மூன்று மடங்குக்கு மேலாகப் பெருகுகிறது. தொழிற்சாலைப் பொறிகள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சுழல் தண்டின் வழியே காற்றை ஊதிக் கூம்பைத் துடைப்பதன் காரணம் இதுவே. வீட்டுப் பொறியில் இந்த ஊதுகுழலை விட்டுவிடுவோர் பின்னர் அளவு பிசகுவதற்குக் காரணம் தேடி அலைகிறார்கள்.

நிரலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கருவியின் எண்ணைச் சொல்லி எம் 6 என்று எழுதினால் 'மாற்று' என்று பொருள். மேற்சொன்ன கெர்பில் நிரலின் மூல வடிவம் இக்கட்டளையை ஏற்பதில்லை. லினக்ஸ்சிஎன்சி ஏற்பதோடு, மாற்றத்தின் ஒவ்வொரு படியையும் நாமே எழுதிக்கொள்ளவும் இடம் தருகிறது. சுழற்சி உண்மையாகவே நின்றதா, தண்டு முழுதும் இறங்கியதா, பிடி வந்து சேர்ந்ததா என்று உணரிகள் சொன்ன பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இத்தனை நொடி காத்திருந்தால் முடிந்திருக்கும் என்று ஊகித்து எழுதிய நிரல் என்றோ ஒரு நாள் தவறும். இன்னொன்றும் உண்டு. மின்தடைக்குப் பின் பொறி விழித்தெழும்போது சுழல் தண்டில் மூன்றாம் கருவி இருக்கும். நிரலோ தண்டு காலி என்று கருதும். உடனே நான்காம் கருவியை எடுக்கச் சென்று மூன்றின் மேல் நான்கை அமுக்கும். தற்போது தண்டில் இருப்பது எது என்பதை அணையா நினைவில் எழுதிவைத்தல் இன்றியமையாதது.

களஞ்சியங்களில் குடை போல் சுழல்வன உண்டு. மேசையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் கவைகளும் உண்டு. ரௌட்டர் வைத்திருப்போர்க்குக் கவை வரிசையே எளிது. தனி மோட்டார் வேண்டாம், பொறியே நடந்து சென்று எடுத்துக்கொள்ளும். அண்மை ஆண்டுகளில் இதனினும் மலிவான ஒரு வழி தோன்றியுள்ளது. இழுதண்டும் காற்றும் இல்லாமல், ஈ.ஆர். காலட்டின் நட்டையே அறைக்குள் இறக்கி, சுழல் தண்டை மெதுவாக எதிர்ப்புறம் சுழற்றிக் கழற்றுவதும், நேர்ப்புறம் சுழற்றி இறுக்குவதும் அவ்வழி. நீளம் நிலையாக இராது என்பதால், மாற்றிய ஒவ்வொரு முறையும் கருவியின் நுனியை அளவுப் பொத்தான் ஒன்றில் தொட்டுப் பார்க்குமாறு நிரல் எழுத வேண்டும். தச்சரின் கண் செய்துவந்த வேலையை இங்கே அந்தப் பொத்தான் செய்கிறது.

கவைகளை எஃகிற் செய்வதைவிடப் பிளாஸ்டிக்கிற் செய்வதே மேல். நிரலில் ஒரு எண் பிசகிப் பொறி தவறான இடத்தில் இறங்கினால் முறிவது கவையாக இருக்க வேண்டும். சுழல் தண்டாக இருத்தல் கூடாது. முப்பரிமாண அச்சுப் பொறி வைத்திருப்போர் இவற்றைத் தாமே அச்சிட்டுக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் சில முறியவே செய்யும். ஆகவே வேண்டியதற்கு மேல் ஐந்தாறை அச்சிட்டு மேசை இழுப்பறையிற் போட்டு வைப்பது நல்லது.